என் அக்கவுண்டில் இருந்த சாவி

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பாஸ்வேர்ட் நினைவில் நிற்காது. அப்பா ரயில் டிக்கெட் எடுக்கும் ஆப்புக்கு மாதம் ஒரு புதிய பாஸ்வேர்ட் போடுவார், அதை மறந்துவிட்டு எனக்குப் போன் செய்வார். என் மனைவி அனுவுக்கு கரண்ட் பில் கட்டுவது எந்த பாஸ்வேர்ட், மளிகை ஆர்டர் செய்வது எந்த பாஸ்வேர்ட் என்று எப்போதும் குழப்பம். எல்லாவற்றுக்கும் கடைசியில் பரணிதரன்தான். நான்தான் அந்தப் பரணிதரன். வீட்டு விசேஷங்களில் சொந்தக்காரர்கள் என்னிடம் நலம் விசாரிப்பதற்கு முன்னால் போனை நீட்டுவார்கள்.

நான் குறை சொல்லவில்லை, மேடம். ஒரு குடும்பத்தில் ஒருவராவது பொறுப்பாக இருக்கவேண்டும்.

உங்கள் மேஜை மேல் இருக்கும் லேப்டாப்பை என் கார் பின் சீட்டிலிருந்து எடுத்தீர்கள். அது என் தங்கை பிரதீபாவுடையது. ஆன் செய்தால் நீலத்திரை வந்து நாற்பத்தெட்டு இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கிறது, யாராலும் திறக்க முடியவில்லை, எப்படித் திறப்பது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நடுவிலிருந்து சொன்னால் தப்பாகப் புரிந்துவிடும். இன்ஸ்பெக்டர் ஷபானா மேடம் நிதானமாகக் கேட்பவர் என்று வெளியே கான்ஸ்டபிள் சொன்னார். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

எனக்குப் பரனூர் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. கம்பெனி லேப்டாப் ஒவ்வொன்றிலும் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். ரயிலில் தொலைந்தால்கூட எடுத்தவன் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. பூட்டு ஏதாவது கோளாறில் மாட்டிக்கொண்டால் திறப்பதற்கு ஒரு மாற்றுச் சாவி உண்டு. அது நம்பர்தான், கிளவுடில் பத்திரமாக இருக்கும். மாட்டிக்கொண்ட ஊழியர் எனக்குப் போன் செய்வார். நான் அவர் அடையாள எண்ணைச் சரிபார்த்துவிட்டு நம்பரைப் படித்துக் காட்டுவேன். இவ்வளவுதான் என் வேலை. கேட்க சாதாரணமாக இருக்கும். தப்பான ஆளுக்குப் படித்துக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தால்தான் அதன் கனம் தெரியும்.

பிரதீபாவுக்குப் புதுப்பட்டினத்தில் ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சர் வேலை கிடைத்தபோது அந்த லேப்டாப்பை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஆன் செய்தவுடன் அது ஒரு ஆன்லைன் அக்கவுண்ட் கேட்கும். அவளுக்கு ஒன்றைத் தொடங்கினால் மறந்துவிடுவாள் என்று என் அக்கவுண்டையே போட்டேன். எங்கள் வீட்டில் எல்லா மெஷினுக்கும் அப்படித்தான். உள்ளே போக ஒரு பின் நம்பரை மட்டும் அவளே வைத்துக்கொண்டாள். நான் திரும்பி நின்றேன், அவள் போட்டாள்.

அக்கவுண்ட் போட்ட நிமிடத்திலேயே அந்த லேப்டாப் தானாக டிஸ்கைப் பூட்டி, மாற்றுச் சாவியின் நகலை அந்த அக்கவுண்டுக்கு அனுப்பிவிடும். யாரும் கேட்பதில்லை, அதுவும் சொல்வதில்லை. எனவே பிரதீபாவின் சாவி என்னிடம் வந்தது. அவளுக்கு அது தெரியாது. மறைக்கவேண்டும் என்று எதுவும் இல்லை. அவள் கேட்கவில்லை.

பிரதீபாவின் கணவன் அபிஷேக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். என் மாப்பிள்ளையைப் பற்றி இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். கல்பாக்கம் பக்கம் கான்ட்ராக்ட் கம்பெனியில் இன்ஜினியர். குடிக்கமாட்டான். பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போடமாட்டான். கோபம் மட்டும் கொஞ்சம் வரும்.

ஒருநாள் பிரதீபா மணிக்கட்டு வீங்கி என் வீட்டுக்கு வந்தாள். புதுப்பட்டினத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நான் குடியிருக்கும் செங்கல்பட்டில் டாக்டர் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். காட்டிவிட்டு அப்படியே அவளை அவள் வீட்டில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒரே அலைச்சலாகப் போகும்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் நான்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கட்டுப் போட வந்த நர்ஸ் ஜெனிட்டா மட்டும் எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம்.

"இன்னாண்ணா, பாத்ரூம்ல வழுக்கி உழுந்தா கழுத்துல வெரல் தடம் எப்டி வரும்? ஒங்க வூட்டு பாத்ரூமுக்கு கையி கீதா?"

நான் சிரித்துவிட்டேன். பதில் சொல்லவேண்டிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை. பிரதீபா சிரிக்கவில்லை. அவள் ஜெனிட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில்தான் அவர்கள் சிநேகிதம் ஆரம்பித்தது என்று பிறகு தெரிந்தது.

காரில் ஏறியதும், "அண்ணா, என்னை அங்க விடாத" என்றாள்.

"எங்க விடணும்?"

"எங்கயாவது. பஸ் ஸ்டாண்டுல விடு. அவன் ஒருநாள் என்னைக் கொன்னுடுவான்ணா."

"கோவத்துல எல்லாரும் சொல்றதுதான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போ, பிரதீபா."

பேக்கரியில் நிறுத்தி மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று ஜாம் பன் வாங்கினேன். கட்டுப் போட்ட கையோடு அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் அபிஷேக் சிரித்த முகமாகத்தான் வரவேற்றான்.

சில மாதம் கழித்து அவள் வீட்டைவிட்டுப் போனாள். பள்ளிக்கூடப் பையோடு கிளம்பியவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அன்று அபிஷேக் வீட்டில் இருந்ததால் லேப்டாப்பை எடுக்க முடியவில்லை போலிருக்கிறது. எனக்கு ஒரு மெசேஜ் மட்டும் வந்தது: 'நல்லா இருக்கேன். தேடாதீங்க.'

தேடாமல் எப்படி இருப்பது? நேராக ஜெனிட்டாவிடம் போனேன். கிளினிக் வாசலில் நின்று பேசினோம்.

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா. அண்ணன் கேக்கறேன்."

"அண்ணனா? அன்னிக்கு பன்னு வாங்கிக் குடுத்து திருப்பி உட்டுட்டு வந்தியே, அந்த அண்ணனா?" என்றவள், குரலைத் தணித்துக்கொண்டாள். "தோ பாருண்ணா. வெளாட்டு இல்ல. அக்கா எங்க கீதுன்னு அந்தாளுக்குத் தெரிஞ்சா, அக்கா உசுரோட இருக்காது. ஒனக்குத் தெரியாம இருக்கறதுதான் அக்காவுக்கு நல்லது. நீ கெளம்பு."

என்னைப் பார்த்து ஒரு நர்ஸ் அப்படிச் சொன்னாள். நான் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு பிரதீபாவிடமிருந்தே மெசேஜ் வந்தது. 'அண்ணா, ஒரே ஒரு உதவி. என் லேப்டாப்பை மட்டும் அவன்கிட்டேருந்து வாங்கிக் குடு. ஸ்கூல் பாடமெல்லாம் அதுலதான் இருக்கு. பூட்டி இருக்கு, அவனால திறக்க முடியாது. நீ கேட்டா குடுத்துடுவான்.'

கேட்டேன். சனிக்கிழமை காலை அபிஷேக் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். வெறுமனே வரவில்லை. அதற்கு முன்பே பஜாரில் ஒரு கடையில் கொடுத்து டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டுப் பார்த்திருக்கிறான். டிஸ்க் சாவியைக் கேட்டிருக்கிறது. திரும்ப மாட்டியும் அதே நீலத்திரை.

"மச்சான், இதுல ஏதோ இருக்கு. இல்லன்னா ஏன் இதையே கேக்கறா? கடைக்காரன் சொல்றான், சாவி நெட்ல எங்கயாவது ஏறியிருக்கும்னு. யார் அக்கவுண்ட் போட்டு ஓபன் பண்ணீங்க?"

"என்னோடது."

அவன் அழுதான், மேடம். சோபாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "அவ எங்க இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும், மச்சான்."

எங்கள் ஆபீசில் ஒரு விதி உண்டு. ஒரு ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டால், அவருடைய லேப்டாப்பைத் திறக்க அவருடைய மேனேஜர் கேட்கலாம். சாவி கொடுப்போம். ஊழியரிடம் அனுமதி கேட்பதில்லை, ஏனென்றால் அவர் விட்டுப் போனவர். என் தங்கை வீட்டைவிட்டுப் போய்விட்டாள். கேட்பவன் அவள் கணவன். நான் விதிக்கு வெளியே எதையும் செய்யவில்லை. சொல்லப்போனால் விதி கொடுத்த அளவுக்குக்கூட நான் கொடுக்கவில்லை. சாவியை அவன் கையில் தரவில்லை. அவனை ஹாலில் உட்காரவைத்துவிட்டு உள் அறையில் நானே நம்பரை அடித்து, அவள் பின்னுக்குப் பதிலாக என் அக்கவுண்ட் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தேன். தயவுசெய்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அனு மட்டும் அறை வாசலில் வந்து நின்றாள். "அவ லேப்டாப்ப நீங்க ஏன் திறக்கறீங்க?"

"மாப்பிள்ளைக்குக் காபி போடு" என்றேன்.

உள்ளே 'ஏழாம் வகுப்பு சயின்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் சயின்ஸ் இல்லை. கழுத்து, முதுகு, மணிக்கட்டு என்று அவள் எடுத்துவைத்த படங்கள். அபிஷேக்கின் குரல் பதிவுகள். ஒன்றில் அவன் கத்தவே இல்லை, சாதாரணமாகப் பேசுகிறான். 'போலீசுக்குப் போனேன்னு வையி, கடல்ல கெடப்ப. பைத்தியம் புடிச்சி உழுந்துட்டான்னு நானே சொல்லுவேன்.' இரண்டு முறை கேட்டேன். சொன்னதைச் செய்கிறவன் பேசுகிற தொனி அது. எனக்கு அவனைப் பல வருஷமாகத் தெரியும்.

கடைசியாக மகளிர் காவல் நிலையத்துக்கு ஒரு புகார் மனு. முதல் எதிரி அபிஷேக். இரண்டாவது, பரணிதரன், தந்தை பெயர் ஜானகிராமன். எலும்பு முறிந்த தங்கையை 'பாத்ரூமில் விழுந்தாள்' என்று பொய் சொல்லி, அடித்தவனிடமே திரும்பக் கொண்டுபோய் விட்டவன். இப்படித்தான் எழுதியிருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும்.

என் பேரில் வழக்குப் பதிவானால் ஆபீஸ் கேட்டில் என் கார்டு அன்றைக்கே வேலை செய்யாது. ஊரார் சாவியெல்லாம் வைத்திருப்பவன் மேல் ஒரு கறைகூட இருக்கக்கூடாது என்பது எங்கள் வேலையின் நிபந்தனை. ஆனால் அதற்காகத்தான் நான் மற்றதைச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அந்த நினைப்பு வந்தது உண்மை. வந்தது, போய்விட்டது.

வீட்டு வைஃபையில் இணைந்ததும் அவளுடைய வாட்ஸ்அப் அந்த லேப்டாப்பில் தானாக ஓட ஆரம்பித்தது. அவள் எப்போதோ இணைத்துவிட்டு மறந்திருக்கிறாள். ஜெனிட்டாவோடு பேசியதெல்லாம் இருந்தது. பிரதீபா இருந்தது திருவிடந்தையில் ஜெனிட்டாவின் மாமா ஏசுபாதம் வீட்டு மாடியில். கோயிலைத் தாண்டி கடற்கரைக்குப் போகும் தெருவில், பச்சை கேட். அபிஷேக் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தது அவ்வளவு எளிதாக அங்கே இருந்தது.

நான் பிரதீபாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். 'லேப்டாப் வாங்கிட்டேன். திங்கட்கிழமை செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு வா, தர்றேன்.'

'தேங்க்ஸ்ணா' என்று வந்தது. உடனேயே லேப்டாப் திரையில் அவள் ஜெனிட்டாவுக்கு எழுதுவதும் வந்தது. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

'வாங்கிட்டான். சொன்னேன்ல?'

'பரவால்லியே. ரெண்டாவது பேரே அவுரு பேரத்தான் எழுதிக்கீற. அவுரையா நம்புற?'

'எழுதினது எழுதினதுதான். ஆனா கேட்டா செய்வான். எங்க அண்ணன்.'

'செரிக்கா. திங்கக்கெழம லீவு போட்டுட்டேன். லேப்டாப் வாங்கினு நேரா போலீஸ் ஸ்டேசன்தான். நாளிக்கு காலைல நாங்கல்லாம் சர்ச்சுக்குப் பூடுவோம். கேட்ட உள்ள பூட்டிக்க.'

ஹாலுக்குப் போய் அபிஷேக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடத்தைச் சொன்னேன். புகாரைப் படித்துக் காட்டினேன். அவன் குரலை அவனுக்கே போட்டுக் காட்டினேன். மறைத்து வைத்து ஒருவரை ஒருவர் ஏமாற்றுவது குடும்பத்துக்கு நல்லதில்லை. அவன் அழுகை நின்றுவிட்டது. வெகுநேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பவே போலாம், மச்சான்" என்றான்.

"இப்ப வீடு நிறைய ஆள் இருப்பாங்க, மாப்பிள்ளை. நாளைக்குக் காலைல போலாம்."

ஞாயிற்றுக்கிழமை என்று தேர்ந்தெடுத்தது நான்தான். அவன் மேல் போடாதீர்கள்.

அன்று மாலை லேப்டாப்பை, ஆன் செய்தால் மாற்றுச் சாவியைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி செய்தேன். பிறகு என் அக்கவுண்டுக்குள் போய் அந்தச் சாவியை அழித்தேன். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. நாற்பத்தெட்டு இலக்கம் மனப்பாடமும் ஆகாது. அந்த அக்கவுண்ட்டை நடத்தும் கம்பெனிக்கு நீங்கள் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒரு பெண்ணின் உடம்புப் படங்கள் ஸ்டேஷன், கோர்ட் என்று கை மாறிப் போவதை எந்த அண்ணன் பொறுத்துக்கொள்வான், சொல்லுங்கள்.

ஞாயிறு காலை லேப்டாப்பைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். அவன் பதற்றமாக இருந்ததால் காரை நான் ஓட்டினேன். திருப்போரூர் வழியாக நெம்மேலி போய் ஈ.சி.ஆரில் வடக்கே திரும்பினோம். கோயிலில் நல்ல கூட்டம். கல்யாணம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு பிராகாரம் சுற்ற வந்தவர்கள். மாலை விற்பவர் ஒருவர் கார் கண்ணாடியைத் தட்டி, "பொண்ணுக்கா, பையனுக்கா சார்?" என்றார். வேண்டாம் என்று கையசைத்தேன்.

அபிஷேக் இறங்கினான். "நீங்களும் வாங்களேன்."

"உங்க ரெண்டு பேர் விஷயம். நான் எதுக்கு நடுவுல?" என்றேன்.

அவன் அந்தத் தெருவில் நடந்து போனான். திரும்பி வந்தபோது சட்டையில் இரண்டு பட்டன் இல்லை. முன்கையில் நகக் கீறல். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். "முடிஞ்சிடுச்சி, மச்சான்" என்றான். என்ன முடிந்தது என்று நான் கேட்கவில்லை. கடலுக்குக் கொண்டுபோக முடியவில்லை, மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று அவனாகவே சொன்னான். வண்டியைத் தெற்கே விட்டேன். சர்ச்சிலிருந்து வந்த ஜெனிட்டா போட்ட கூச்சலில் ஊரே கூடியிருக்கும். மாமல்லபுரம் தாண்டுவதற்குள் உங்கள் ஆட்கள் மறித்தார்கள்.

அபிஷேக் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று சொன்னீர்கள். அது சரி. கொன்றவன் அவன். நான் கார் ஓட்டினேன்.

அந்த ஒரு போன் அழைப்பைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பிரதீபா போனிலிருந்து கடைசியாகப் போன அழைப்பு என் நம்பருக்கு. நூறுக்குப் போடவில்லை, ஜெனிட்டாவுக்குப் போடவில்லை. எனக்குப் போட்டாள். நான் எடுத்தேன். எடுக்கவில்லை என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணடிக்கமாட்டேன்.

"அண்ணா, அவன் கீழ நிக்கறான். கேட்ட ஆட்டறான். எப்படிண்ணா தெரிஞ்சுது அவனுக்கு? நீ எங்க இருக்க? சீக்கிரம் வா."

"பயப்படாத. நான்தான் கூட்டிட்டு வந்தேன். கோயில்கிட்டதான் இருக்கேன்."

மூச்சு மட்டும் கேட்டது.

"நீ மொதல்ல வா. நீ வந்தா திறக்கறேன்."

"தெருவுல நின்னு ஆட்டிக்கிட்டிருந்தா அசிங்கம், பிரதீபா. கீழ போய்த் திற. நான் பின்னாலயே வர்றேன்."

"சத்தியமா வர்றியா?"

"வர்றேன். திற."

அவள் படியில் இறங்குவது கேட்டது. பூட்டுத் திறப்பது கேட்டது. நான் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை, மேடம். அவள் திறக்காமல் இருந்திருந்தால் அவனால் அந்தக் கேட்டைத் தாண்டியிருக்க முடியாது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் சொன்னதால் திறந்தாள். திறந்தால் அவன் என்ன செய்வான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. போதுமா? அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் போனை அணைக்காமலேயே கையில் வைத்திருந்திருக்கிறாள். "அண்ணா" என்று மறுபடி ஒரு தடவை கேட்டது, அப்புறம் அவன் குரலும் கேட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் பேசிக்கொள்வதை மூன்றாவது மனிதன் ஒட்டுக் கேட்பது நாகரிகம் இல்லை. அதனால் நான் போனை வைத்துவிட்டேன்.